வெள்ளக் கல்லுக்குப் புளி போட்ட கதை

இத எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். எழுதி என்ன ஆவப் போவுது? ஈப்போவுல பாதிப் பேருக்கு ஏற்கனவே தெரியும், மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேரு சொல்லிருப்பாங்க. ஆனா போன வாரம் கோப்பிக் கடையில ஒக்காந்துருக்கேன், முன்னப்பின்ன பாத்திராத ஒரு ஆளு நேரா என் மேசைக்கு வந்து, "அண்ணே, நீங்கதானே புளி? அடுப்பங்கரைக்குக் கல்லு போடணும், வெள்ளையா கருப்பா, எது நல்லதுண்ணே?"ன்னு கேட்டான். எங்கப்பா எனக்குப் புளின்னு பேரு வைக்கல. சந்திரன்னுதான் வச்சாரு. அந்தப் பேரு இப்ப ஐசியில, அதான் அடையாளக் கார்டுல, மட்டுந்தான் இருக்கு.

சரி, ஒரேயடியா எழுதிப் போட்டுடுவோம், இனிமே கேக்குறவங்ககிட்ட இத நீட்டிட்டு நம்ம கோப்பிய ஆறாம குடிக்கலாம்னுதான் ஒக்காந்துட்டேன். (எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கணும்லா. மூணாம் பாரத்தோட எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராம போச்சு. பள்ளிக்கூடந்தான் மொதல்ல சொல்லிச்சு.)

எழுபதுகளோட கடைசி அது. சிம்பாங் பூலாய் பக்கத்துல மலைய ஒட்டி ஒரு மார்பிள் பட்டறை. அதுல நான் லாரிக் கெலிண்டான். கெலிண்டான்னா, டிரைவர் பக்கத்துல ஒக்காந்து போறது, கல்ல ஏத்தி எறக்குறது, லாரி பின்னால வரும்போது நின்னு கத்துறது. கத்துறதுல நான் கெட்டிக்காரன். வேலைய பத்தி அவ்வளவா யாரும் சொன்னதில்ல.

எங்கப்பா சுங்கை சிப்புட் பக்கம் கித்தா தோட்டத்துல, அதான் ரப்பர் தோட்டத்துல, பால் கொட்டாயில இருந்தவரு. மரம் சீவுனவங்க கொண்டாந்து ஊத்துற பால உறைய வச்சு, தகடா அடிக்கிற எடம். தோட்டத்தத் துண்டு போட்டு வித்தப்புறம் ஈப்போவுக்கு வந்து, ஒரு வரிசை வீட்டுல ஓரமா ஒண்டிக்கிட்டோம். அம்மாவுக்கு ஒரே ஆசை, எனக்கு ஒரு கல்யாணம். என்னத் திருத்துறதுக்கு ஒரு ஆளு வேணும், அவங்களால முடியல.

பாகான் டத்தோவுல ஒரு பொண்ணு இருக்குன்னு தகவல் வந்திச்சு. பேரு தேவகி. அப்பா தென்னந்தோட்டத்து ஆபீஸுல கணக்கு எழுதுற கிராணி. அம்மாவுக்கு அதக் கேட்டதும் கையி காலு ஓடல. எங்காளுங்க கிராணிய ஆபீஸ் சன்னலுக்கு வெளிய நின்னுதான் பாத்துப் பழக்கம். அந்த வீட்டுக்குள்ள போயி நாக்காலியில ஒக்காந்து பொண்ணு கேக்குறதுன்னா? அம்மா பஸ்ஸுல தெலுக் அன்சன் போற வரைக்கும் "வாய மூடிக்கிட்டு இரு, வாய மூடிக்கிட்டு இரு"ன்னு மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டே வந்தாங்க.

இருந்தேன். ரொம்ப நேரம் இருந்தேன். தேவகி தேத்தண்ணி கொண்டாந்து வச்சா. எல்லாப் பொண்ணுங்களும் தரையப் பாக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன், இவ நேரா என்னப் பாத்தா. கிராணியாரு, "ஏதாவது கேக்கணும்னா கேளும்மா"ன்னாரு. அவரு சும்மா மரியாதைக்குச் சொன்னாரு. அவ நெசமாவே கேட்டுட்டா.

"கல்லுப் பட்டறையில என்ன செய்றீங்க?"

கெலிண்டான்னு ஒரு வார்த்த. சொல்லிருந்தா முடிஞ்சிச்சு. ஆனா அந்தக் கண்ணு அப்படிக் கேட்டா வாயி சும்மா இருக்குமா?

"மலைய வெட்டி, பளபளன்னு ஆக்கி, வீட்டுக்குள்ள கொண்டாந்து வைக்கிறோம்"ன்னேன்.

"அப்ப ஒங்க வீட்டுல?"

"எங்க வீட்டு அடுப்பங்கரையே கல்லுதான். மொகம் பாக்கலாம்."

அம்மாவுக்கு முறுக்கு தொண்டையில அடைச்சிக்கிச்சு. எங்க வீட்டு அடுப்பங்கரையில இருந்தது ஒரு பழைய பலகை, அது மேல தகரம், அதுக்கு நடுவுல கரப்பான் பூச்சி குடும்பம். கிராணியாரு அடுத்த மாசம் மாப்பிள்ள வீடு பாக்க வர்றோம்னு சொல்லிட்டாரு. நாங்க கெளம்பும்போது தேவகி அவங்கப்பாவோட அக்கா, பெரியத்தைகிட்ட மெதுவா பேசுறது என் காதுல விழுந்திச்சு. "நீங்க போனா அந்தக் கல்ல மறக்காம பாத்துட்டு வந்து சொல்லுங்கத்தை."

திரும்பி வந்து ஈப்போவுல எறங்குனப்புறந்தான் அம்மா வாயத் தொறந்தாங்க. "எந்த வீட்டு அடுப்பங்கரையடா சொன்ன?"

ஆக, எனக்கு ஒரு கல்லு வேணும். இல்லன்னா நான் பொய்யன், எங்கம்மா பொய்யனைப் பெத்தவங்க. கிராணி வீட்டுல நம்மளப் பத்தி அப்படி ஒரு பேச்சு வந்தா அம்மா கோயிலுக்குக்கூட போவ மாட்டாங்க. எனக்கு வேற ஒரு கவல. இதுவரைக்கும் நான் சொன்ன எதையும் யாரும் நின்னு கேள்வி கேட்டதில்ல. இந்தப் பொண்ணு கேட்டா. அது எனக்குப் பிடிச்சிருந்திச்சு.

பட்டறையில என் கூட்டாளி சுப்ரா பாலிஷ் போடுறவன். நாள் பூரா தண்ணி, கல்லு மாவு, மெசினு. சாயங்காலம் பாத்தா புட்டுக்கு மாவு பெரட்டி வச்ச மாதிரி இருப்பான். அப்பத்தான் அவன் மொத மொதலா மீசை வளக்க ஆரம்பிச்சிருந்தான். ரெண்டு பக்கமும் நல்லாத்தான் கெளம்பி வந்திச்சு, நடுவுல வந்ததும் ஏதோ சண்ட, சேரவே இல்ல. இத வச்சு நான் ஒரு வருசம் ஓட்டலாம்னு முடிவு பண்ணிருந்தேன்.

ஒடஞ்ச துண்டு, ஓரத் துண்டெல்லாம் அடுக்கி வச்சிருக்குற பின்பக்கத்துக்கு என்னக் கூட்டிட்டுப் போனான். பட்டறை மொதலாளி தவுக்கே நல்ல மனுசன், ஓரத் துண்டுல ஒண்ணு எடுத்துக்கோன்னுட்டாரு. அங்க ரெண்டு கல்லு எனக்குத் தோதா இருந்திச்சு. ஒண்ணு வெள்ள, எங்க மலையில எடுத்தது, சாம்பல் கலர்ல மெல்லிசா ரேகை ஓடும். இன்னொண்ணு கருஞ்சாம்பல், வேற மலையில இருந்து வந்தது. கிட்டப் போயி பாத்தா உள்ளுக்குள்ள சீனி கொட்டுன மாதிரி மினுக்குது.

"என்னடா அது மினுக்குறது?"ன்னேன்.

"குவார்ட்ஸ்"ன்னான் சுப்ரா. "அதுதான் கெட்டி. அத அறுக்கப் போனா ரம்பம் அழுவும்." ஒரு ஆணிய எங்கிட்ட குடுத்து ரெண்டுலயும் கீறிப் பாக்கச் சொன்னான். வெள்ளக் கல்லுல ஒரு கோடு விழுந்திச்சு, வெரல் நகத்துல தட்டுப்பட்டிச்சு. சாம்பல் கல்லுலயும் கோடு விழுந்திச்சு, ஆனா தொடச்சா போயிடிச்சு. கல்லு தேயல, ஆணிதான் தேஞ்சிருக்கு. எனக்கு ஆச்சரியம் தாங்கல. இன்னும் பத்து எடத்துல கீறிப் பாத்தேன். தவுக்கே வந்து ஆணிய புடுங்கிக்கிட்டாரு.

இவ்வளவையும் என் கண்ணால பாத்துட்டு நான் எந்தக் கல்ல எடுத்தேன்? வெள்ளைய. ஏன்னா, வெள்ளக் கல்லுல என் மொகம் தெரிஞ்சிச்சு. சாம்பல் கல்லுலயும் தெரிஞ்சிச்சு, ஆனா அதுல நான் ரொம்பக் கருப்பா இருந்தேன்.

சுப்ரா தலையச் சொறிஞ்சான். "மச்சான், சமையக்கட்டுக்கு வெள்ளக் கல்லுன்னா ஒரு விசயம் இருக்கு..."

"விசயம் இருக்கட்டும், ஒன் மீசைக்கு நடுவுல என்ன, பஸ்ஸு போறதுக்கு ரோடு விட்டிருக்கியா?"

"இல்ல மச்சான், அந்தக் கல்லுல வந்து..."

"ரோட்டுக்கு டோலு கட்டணுமா?"

அவன் விட்டுட்டான். லாரியில ஏத்திக் குடுத்தான். வீட்டுக்கு வந்து செங்கல்லு கட்டி நிறுத்துறதுக்கும் வந்தான். மட்டம் பாக்க தண்ணிக் குழாய் கொண்டாந்திருந்தான், நாந்தான் வேணாம்னுட்டேன். லாரியவே கண்ணால அளந்து பின்னால எடுக்க வைக்கிறவன் நான், ஒரு மேசைக்கு என்ன மட்டம்? வச்சு முடிச்சதும் கல்லு கதவுப் பக்கம் கொஞ்சம் சாஞ்சாப்புல இருந்திச்சு. தண்ணி வடியட்டும்னுதான் அப்படி வச்சேன்னு சொன்னேன். எல்லாரும் நம்புனாங்க. நானே நம்புனேன்.

அந்தக் கல்லு வந்ததுலேர்ந்து எங்க வீட்டுல யாரும் அடுப்பங்கரைய அடுப்பங்கரையா நெனைக்கல. அப்பா காலையில எந்திரிச்சு அது முன்னால நின்னு தல சீவுவாரு. அம்மா காய் நறுக்குறது, மசாலா அரைக்கிறது எல்லாம் கீழ தரையில. கல்லு அழுக்காயிடுமாம். பக்கத்து வீட்டு சீனக் கெழவி வந்து தொட்டுப் பாத்துட்டு கட்ட வெரலத் தூக்கிக் காட்டிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் அம்மா ஒரு மொழம் ஒசந்துட்டாங்க.

கிராணி வீட்டுக்காரங்க வர்ற அன்னைக்கு ஞாயித்துக்கெழம. காலையிலேயே அம்மாவும் அப்பாவும் பாசாருக்குக் கெளம்பிட்டாங்க, எல, பூ, மீனு வாங்க. போறப்ப அம்மா சொன்ன வேல ஒண்ணே ஒண்ணு. குத்துவெளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாத்தையும் புளி போட்டு வெளக்கி வைக்கணும். கிராணி வீட்டு ஆளுங்க வர்றப்ப பித்தள மங்கலா இருந்தா அசிங்கம்.

வெளக்குனேன். நல்லாத்தான் வெளக்குனேன். புளியக் கொஞ்சம் தண்ணி விட்டுப் பெசஞ்சு, உப்பு போட்டுத் தேச்சா, கருத்துக் கெடந்த சொம்பு தங்கமா முழிச்சிக்கிச்சு. எனக்கு எப்பவுமே அது ஒரு அதிசயம். கொழம்புல போடுற சாமான் எப்படி உலோகத்தப் பளபளன்னு ஆக்குது? சொம்பப் பாத்தேன். கல்லப் பாத்தேன். சொம்பே இப்படி ஆவுதுன்னா, ஏற்கனவே பளபளன்னு இருக்குற கல்லு எப்படி ஆவும்?

(இந்த எடத்துல கதை கேக்குற எல்லாரும் ஐயோம்பாங்க. அப்ப சொல்றதுக்கு அங்க யாரும் இல்லலா.)

மிச்சம் இருந்த புளி பத்தல. டப்பாவுல இருந்த மொத்தத்தையும் எடுத்துக் கரைச்சு, இந்த மூலையிலேர்ந்து அந்த மூல வரைக்கும் தடவுனேன். ஊறட்டும்னு விட்டுட்டுக் குளிக்கப் போயிட்டேன். அன்னைக்குன்னு பாத்து நல்லா தேச்சுக் குளிச்சேன். சவரம் பண்ணுனேன். பவுடர் போட்டேன். ரெண்டு பாட்டும் பாடுனேன்.

வந்து தண்ணி ஊத்திக் கழுவுனா, அடேயப்பா, கண்ணாடி. மலைக்குள்ள தூங்குன கல்ல நான் எழுப்பி விட்டுட்டேன்னு நெனச்சேன். சந்தோசமா ஃபேனத் தட்டி விட்டேன்.

காத்துல ஈரம் காயக் காய, பளபளப்பும் கூடவே கெளம்பிப் போயிக்கிட்டு இருந்திச்சு. மொதல்ல ஓரம். அப்புறம் நடு. கடைசியில பாத்தா கல்லு பூரா தேமல் விழுந்த மொதுகு மாதிரி வெளுத்துக் கெடக்கு. கையி வச்சா சொரசொரங்குது. மொகம் பாக்கக் குனிஞ்சேன், யாரும் இல்ல.

தண்ணி ஊத்துனேன். பளபளப்பு திரும்ப வந்திச்சு. தொடச்சேன். போயிடிச்சு. ஊத்துனேன், வந்திச்சு. இத நான் எத்தன வாட்டி செஞ்சேன்னு எனக்கே தெரியாது. பயம் ஒரு பக்கம், ஆனா உண்மையச் சொல்லணும்னா, அது எப்படி வருது, எங்க போவுதுன்னு பாக்குறதுல ஒரு சொவாரசியமும் இருந்திச்சு. அப்புறந்தான் மணியப் பாத்து சைக்கிள எடுத்துக்கிட்டு சுப்ரா வீட்டுக்கு ஓடுனேன்.

சுப்ரா வந்தான். பக்கவாட்டுல குனிஞ்சு, வெளிச்சத்துக்கு நேரா ஒரு கண்ண மூடிப் பாத்தான். வெரல ஓட்டுனான். மோந்து பாத்தான்.

"என்ன போட்ட?"

"புளி."

அவன் அப்படியே தரையில ஒக்காந்துட்டான். "மச்சான், நீ கல்லுல ரசம் வச்சிட்ட."

அது சுண்ணாம்பு சாதிக் கல்லாம். புளிப்பு எது பட்டாலும் மேல் தோல தின்னுடுமாம். மெசினுல பொடிப் பொடியா தேச்சு நாங்க ஏத்துற பளபளப்பு அந்தத் தோலுலதான் இருக்கு, அது இப்ப சாக்கடையில போயிடிச்சுன்னான். திரும்ப ஏத்தலாமா? ஏத்தலாம், சொரசொரப்புலேர்ந்து வழவழப்பு வரைக்கும் வரிசையா தீட்டுக்கல்லு போட்டுத் தேய்க்கணும், அர நாள் ஆவும். வாசல்ல டாக்சி ஹார்ன் அடிக்கிற நேரந்தான் பாக்கி.

"ஈரமா இருந்தா தெரியாதுடா"ன்னேன்.

"ஈரம் காஞ்சிடும்லா"ன்னான்.

"காயாத ஈரம் ஒண்ணு இருக்கு"ன்னு சொல்லிட்டு தேங்கா எண்ணெ போத்தல எடுத்தேன். சுப்ரா வேணாம் வேணாம்னான். நான் கேக்குற ஆளா? ஊத்தித் தடவுனதும் கல்லு மின்னிச்சு பாருங்க, பட்டறையிலகூட அப்படி மின்னுனதில்ல. அம்மாவும் அப்பாவும் வந்து பாத்துட்டு, "பரவால்லயே, தொடச்செல்லாம் வச்சிருக்கான்"ன்னு சொன்னாங்க. அம்மா என்னப் பாராட்டுனது அன்னைக்குத்தான். நான் வாங்கிக்கிட்டேன்.

டாக்சியில மூணு பேரு வந்து எறங்குனாங்க. கிராணியாரு வெள்ளச் சட்ட, வெள்ளக் காச்சட்ட. அவரு சம்சாரம். அப்புறம் அந்தப் பெரியத்தை, வாயி நெறைய வெத்தல, கையில ஒரு கொல எளநி. முன்னால ஒக்காரச் சொல்லி அம்மா எவ்வளவோ சொன்னாங்க. பெரியத்தை ஒக்காரல. "ஒக்காருறது இருக்கட்டும், கல்ல எங்க? பாத்துட்டு வரச் சொல்லி பொண்ணு உயிர வாங்கிட்டா"ன்னு நேரா அடுப்பங்கரைக்கு நடந்துட்டாங்க. பின்னாலயே எல்லாரும்.

பாத்தாங்க. எண்ணெயில கல்லு தகதகன்னு நிக்குது. கிராணியாரு புருவத்தத் தூக்குனாரு. அம்மா மொகத்துல பௌர்ணமி. நான் சுப்ராவப் பாத்து ஒரு கண்ண அடிச்சேன். அவன் மேல இருக்குற சாமி படத்தப் பாத்துக்கிட்டு இருந்தான்.

பெரியத்தை வெரலால தொட்டாங்க. வெரலப் பாத்தாங்க. மோந்தாங்க. அவங்க தென்னந்தோட்டத்துல பொறந்து வளந்தவங்க, அவங்களுக்குத் தேங்கா எண்ணெயப் பத்தி யாரும் சொல்லித் தரணுமா?

"என்ன தம்பி, கல்லுக்குத் தலைக்கு எண்ணெ வச்சு விட்டிருக்கீங்க?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அம்மா அவசரமா கோப்பித் தட்ட கொண்டாந்து கல்லு மேல வச்சுட்டாங்க. எவர்சில்வர் தட்டு, அது மேல கோப்பி டம்ளருங்க. கல்லு கதவுப் பக்கம் சாஞ்சிருக்குன்னு சொன்னேன்ல? கதவுப் பக்கம் நின்னது கிராணியாரு.

தட்டு கெளம்பிச்சு. வேகமால்லாம் இல்ல. ஈப்போ ஸ்டேஷன விட்டு மெயில் வண்டி கெளம்புற மாதிரி, நிதானமா, சத்தமில்லாம. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கோம். யாருக்கும் கையி வரல. ஏன்னா ஒரு தட்டு தன்னால நடந்து போறத அதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல, கடைசியில எங்கதான் போவுதுன்னு பாக்குறதுல இருந்துட்டோம். அது கல்லத் தாண்டி நேரா கிராணியாரு மேலயே எறங்கிச்சு. பிடிக்கிறேன்னு அவரு கல்லுல கைய ஊனுனாரு. கையும் வழுக்கிச்சு. முழங்கை வரைக்கும் எண்ணெ, நெஞ்சுலேர்ந்து காலு வரைக்கும் கோப்பி.

டம்ளரு ஒண்ணு தரையில உருண்டு போயி சுப்ரா காலுகிட்ட நின்னிச்சு.

அம்மா என்னப் பாத்தாங்க. "என்னடா செஞ்ச கல்ல?"

"புளி போட்டேம்மா"ன்னேன். வேற என்ன சொல்றது? மொத வாட்டியா கேலி கிண்டல் எதுவும் வாயில வரல. முடிஞ்சிச்சுன்னு தெரிஞ்சிடிச்சு. பாகான் டத்தோவுல அந்தப் பொண்ணு கல்லு எப்படி இருக்குன்னு கேக்கும், இவங்க போயி என்ன சொல்வாங்கன்னுதான் ஓடிச்சு மனசுல.

அம்மா கிராணியார உள்ள கூட்டிட்டுப் போயி அப்பாவோட பூப்போட்ட பாத்தேக் சட்டையும் ஒரு கைலியும் குடுத்தாங்க. அப்பா ஒல்லி. கிராணியாரு திரும்பி வந்தப்ப சட்டப் பொத்தான் ஒண்ணுக்கொண்ணு பேசாம நின்னுக்கிட்டு இருந்திச்சு. தெலுக் அன்சன் வரைக்கும் பேரு வாங்குன கிராணி, எங்கப்பா சட்டையில எங்கப்பா மாதிரியே இருந்தாரு. அப்பதான் அப்பா, கல்லத் தடவிப் பாத்துட்டு யாருக்கும் இல்லாம பொதுவா சொன்னாரு, "பால் கொட்டாயில, பால் உறைய ஊத்துற திராவகம் சிந்துனா சிமிண்டுத் தரை இப்படித்தான் சொரசொரன்னு ஆயிடும்."

கிராணியாரு நின்னுட்டாரு. "ஆமாங்க. நானும் மொதல்ல கித்தா தோட்டத்துலதான் இருந்தேன். ஸ்டோரு தரை பூரா அப்படித்தான் இருக்கும். அப்ப புளியும் அதே வேலைய செய்யுதுங்குறீங்க?"

"செஞ்சிருக்குதே"ன்னாரு அப்பா.

கிராணியாரு கல்லுக்குக் கிட்ட வந்தாரு. கைலியத் தூக்கிக் கட்டுனாரு. கொஞ்ச நேரம் குனிஞ்சு பாத்துட்டு, அம்மாவப் பாத்து ரொம்ப மரியாதையா கேட்டாரு. "எலுமிச்சம்பழம் ஒண்ணு கெடைக்குமாம்மா?"

அதுக்கப்புறம் நடந்தத சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. செவுத்த ஒட்டி ஒரு ஓரத்துல மட்டும் புளி படாத எடம் கொஞ்சம் பாக்கி இருந்திச்சு. எண்ணெயத் தொடச்சுட்டு கிராணியாரு அதுல எலுமிச்சம்பழத்த ஒரு சொட்டு விட்டாரு. எல்லாரும் தலைய முட்டிக்கிட்டு பாத்தோம். தொடச்சா, அளவெடுத்த மாதிரி வட்டமா ஒரு மங்கல். "பாத்தீங்களா"ன்னாரு, அவரே கண்டுபிடிச்ச மாதிரி. பெரியத்தை மோரு என்ன செய்யும்னு கேட்டாங்க. மோரு வந்திச்சு. அது மெதுவா தின்னிச்சு, ஆனா தின்னிச்சு. உப்புத்தண்ணி ஒண்ணும் செய்யல. மஞ்சத்தண்ணி தோலத் தின்னல, ஆனா கல்லுக்குள்ள போயி குடி வச்சிக்கிச்சு, போவவே இல்ல. கறுப்புக் கோப்பிய விட்டுப் பாத்தாரு அப்பா. பெரியத்தை வெத்தல எச்சிலக்கூட விட்டுப் பாக்கலாம்னாங்க, அவங்க தம்பி சம்சாரம் கையப் பிடிச்சு நிறுத்திட்டாங்க.

சுப்ரா ஒவ்வொண்ணுக்கும் ஏன்னு சொல்லிக்கிட்டு வந்தான். அந்தச் சாம்பல் கல்லப் பத்தியும் சொன்னான். குவார்ட்ஸு நெறைய இருக்குற கல்லு, புளியெல்லாம் அத ஒண்ணும் செய்யாது, கத்திகூட கீறாது, எண்ணெ மட்டும் ஊற விடக்கூடாது, ஒடனே தொடச்சிடணும்னான். கிராணியாரு வாயப் பொளந்து கேட்டாரு.

அம்மா மட்டும் மூலையில நின்னுக்கிட்டு, "அது என் கல்லு, அது என் கல்லு"ன்னு மொனகிக்கிட்டே இருந்தாங்க. எல்லாரும் அடுத்தது என்னன்னு யோசிச்சப்ப, பெருமூச்சு ஒண்ணு விட்டுட்டு அலமாரியத் தொறந்து மாங்கா ஊறுகாய் சாடிய எடுத்து வச்சாங்க. "இதையும் பாத்துடுங்க. அரைகொறையா விட்டா எனக்குத் தூக்கம் வராது."

சாப்பாடு ஆறிப்போயிதான் சாப்புட்டோம். கெளம்பும்போது கிராணியாரு, "பொண்ணுகிட்ட சொல்றோம்"ன்னாரு. அவ்வளவுதான். அப்பாவோட சட்டையிலேயே டாக்சி ஏறிட்டாரு. சிரிச்சாரா மொறச்சாரான்னு கண்டுபிடிக்க முடியல, சட்ட டைட்டுல மூச்சு விடுறதுலேயே அவருக்குக் கவனம்.

அந்த வாரம் பூரா நான் யாரையும் கேலி பண்ணல. பட்டறையில எனக்கு ஒடம்பு சரியில்லன்னு நெனச்சு தவுக்கே ஏதோ கசாயம் வாங்கிக் குடுத்தாரு. மத்தியான நேரத்துல நான் பின்பக்கம் போயி, ஒடஞ்ச கல்லு ஒவ்வொண்ணா எடுத்து எலுமிச்சம்பழம் தடவிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எது தாங்குது, எது தாங்கலன்னு பாத்தேன். அந்தச் சாம்பல் கல்லுல எவ்வளவு தேச்சும் அது சும்மா என்னப் பாத்து மினுக்கிக்கிட்டே இருந்திச்சு. ஒரு பொண்ணு நேரா பாக்குற மாதிரி. சுசா, ரொம்பக் கஷ்டம்.

அப்புறம் ஒரு நா பெரியத்தை மட்டும் பஸ்ஸுல வந்து எறங்குனாங்க. கையில அப்பாவோட சட்ட, தொவச்சுப் பெட்டி போட்டு மடிச்சது. அம்மா தண்ணி குடுக்கக்கூட மறந்து நின்னாங்க. பெரியத்தை நல்லா ஒக்காந்து, வெத்தலைய மடிச்சு வாயில போட்டுக்கிட்டு, அப்புறமாத்தான் சொன்னாங்க. தேவகி எல்லாத்தையும் திரும்பத் திரும்பக் கேட்டாளாம். எலுமிச்சம்பழம் எத்தன நேரம் ஆச்சு, மோரு வட்டமா நீளமா, மஞ்ச போச்சா இல்லையா, எல்லாம்.

"என்ன சொல்லுச்சு பொண்ணு?"ன்னு அம்மா கேட்டாங்க.

"நான் நாள் தவறாம புளி கரைக்கிறவ, அந்தச் சாம்பல் கல்லப் போட்டுட்டுத் தேதி குறிக்கச் சொல்லுங்கன்னா."

போட்டேன். இந்த வாட்டி சுப்ரா தண்ணிக் குழாய வச்சு மட்டம் பாத்தான், நான் பக்கத்துல கையக் கட்டிக்கிட்டு நின்னேன். இன்னைக்கும் அந்தக் கல்லு அப்படியே இருக்கு. தேவகி அது மேலதான் புளி கரைக்கிறா, எலுமிச்சம்பழம் பிழியிறா, மீனு கழுவுறா. எண்ணெ சிந்துனா மட்டும் ஒரு துணி பறந்து வரும், சில நேரம் என் மேலயும் விழும். கேக்குறவங்களுக்கு என் பதிலும் அதுதான்லா. வெள்ளக் கல்லு நல்ல கல்லுதான், முன்னால வரவேற்பறையில போடுங்க, நாளும் கெழமையுமா தொடச்சுக்கிட்டுப் பாருங்க. சமையக்கட்டுக்கு மினுக்குறதா எடுங்க. வாங்குறதுக்கு முன்னால ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஒங்க வீட்டுல என்ன சமைக்கிறீங்களோ அத்தனையும் அது மேல ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க.

கல்யாணத்துல சீர்வரிசத் தட்டு வந்திச்சு. பழம், பூ, சீனி, சேல. கடைசித் தட்டுல வாழ எல மேல ஒரு புளி உருண்ட, குங்குமம் வச்சு, மால போட்டு. பெரியத்தை வேல. மண்டபத்துல யாரோ அதப் பாத்து "புளி மாப்பிள்ள"ன்னாங்க, அன்னைக்குப் போனவந்தான் சந்திரன்.

அந்த வெள்ளக் கல்லு இப்ப வீட்டுக்குப் பின்னால தண்ணிக் குழாய் பக்கத்துல கெடக்கு, துணி தொவைக்கிறோம். மாமனாரு வந்தா மொத வேலையா அதப் போயி பாத்துட்டு வருவாரு. அதுல இருக்குற ஒவ்வொரு கறைக்கும் பேரு இருக்கு. இது கிராணியாரு எலுமிச்சம்பழம், இது அத்தையோட மோரு, இது அம்மாவோட ஊறுகாய். என் பேருல தனியா கறை இல்ல. மிச்சம் இருக்குற எடம் பூரா என்னுதுதான்.

இத எழுதி முடிச்சதும் நேத்து சுப்ரா வீட்டுக்குக் கொண்டு போயி படிச்சுக் காட்டுனேன். அவன் மீசை இன்னும் சேரல, அதையும் ஞாபகப்படுத்துனேன். அப்புறம் இத்தன வருசமா கேக்காம விட்டத கேட்டேன். ஏன்டா மச்சான், அன்னைக்குப் பட்டறையிலேயே வெள்ளக் கல்லுக்குப் புளி ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கக்கூடாதா?

"நீ என் மீசையப் பத்திப் பேசி முடிக்கட்டும்னு அப்பலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கேன் மச்சான்."